நட்டவர் பெயர் பலகையில் இருக்கிறது. தண்ணீர் ஊற்றியவர் யார்?

2024ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். பல்கலைக்கழக விடுமுறைக்குச் சுங்கை பட்டாணியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். ஒரு மதியம், எஸ்.பி.எம். தேர்வுத் தாள் ஒன்றை எழுதிவிட்டுத் திரும்பிய என் தம்பி, காலணியைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டான்.

"அக்கா, ஒரு செடி சாகாம இருக்கணும்னா ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி போதும்?"

தேர்வில் வந்த கேள்வி என்று நினைத்தேன். இல்லை. அவன் பள்ளி வேலியோரம் இருந்த 20 கன்றுகளைப் பற்றிக் கேட்டான். ஜனவரியில் பசுமைக் கழகம் அவற்றை நட்டது. பதாகை கட்டினார்கள், சிறப்பு விருந்தினர் வந்தார், புத்தம் புதிய மண்வெட்டியில் ரிப்பன் கட்டியிருந்தது. ஒவ்வொரு கன்றின் அருகிலும் நட்டவரின் பெயரோடு ஒரு சிறு பலகை. என் தம்பியின் பெயரும் ஒரு பலகையில் இருந்தது. பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் மற்ற மாணவர்களுக்கு ஆண்டிறுதி விடுமுறை தொடங்கியது. பள்ளிக்குள் நுழைந்தவர்கள் தேர்வு எழுதும் ஐந்தாம் படிவ மாணவர்கள் மட்டும்தான். ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் இடையில் அந்த இலைகள் சுருண்டுகொண்டே போவதை என் தம்பி பார்த்திருக்கிறான்.

அவன் சொல்லச் சொல்ல எனக்குள் ஒரு கூச்சம். அதே பள்ளியில் ஐந்து ஆண்டுகளுக்கு முன் நான் பசுமைக் கழகச் செயலாளர். நானும் ஒரு கன்று நட்டேன். படம் எடுத்துக்கொண்டேன். புறப்பாட நடவடிக்கைக்குப் புள்ளியும் கிடைத்தது. அந்தக் கன்று என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

அன்று தம்பி கேட்ட கேள்விக்குச் சரியான பதில் எனக்குத் தெரியவில்லை. அதை அந்த விடுமுறையில்தான், எங்கள் வீட்டு முற்றத்தில், என் பாட்டியிடம் கற்றுக்கொண்டேன். கற்றதைச் சொல்லி, உங்களிடம் ஒரு வேண்டுகோளும் வைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வெயில்

நம் நாட்டில் கோடைக்காலம் என்று தனியே ஒன்று இல்லை என்று பள்ளியில் படிக்கிறோம். கெடாவிலும் பெர்லிசிலும் வாழ்கிறவர்கள் அதை அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவரும் பெருமழையை தித்திவங்சா மலைத்தொடருக்குக் கிழக்கே உள்ள மாநிலங்களே பெரிதும் வாங்கிக்கொள்கின்றன. கிளந்தானும் திரங்கானுவும் வெள்ளத்தில் தவித்து முடிக்கும் நேரத்தில் எங்கள் பக்கம் மண் வெடிக்கத் தொடங்கும். ஜனவரி முதல் மார்ச் வரை எங்களுக்கு அதுதான் கோடை. நாட்டில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலையும் வடக்கில்தான்: 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ், சூப்பிங்கில் 40.1 பாகை செல்சியஸ்.

2024இல் எல் நினோவும் சேர்ந்துகொண்டது. மலேசிய வானிலை ஆய்வுத் துறை வெப்ப எச்சரிக்கையை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. தொடர்ந்து மூன்று நாள்களுக்கு நாளின் உச்ச வெப்பம் 35 முதல் 37 பாகை வரை இருந்தால் முதல் நிலை. 37க்கு மேல் 40 வரை போனால் இரண்டாம் நிலை, அதாவது வெப்ப அலை. 40ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. அந்த மாதங்களில் கெடாவின் சில மாவட்டங்கள் அந்தப் பட்டியலில் அடிக்கடி இடம்பெற்றன. எங்கள் தாமானில் பகலில் குழாயைத் திறந்தால் நூல் மாதிரிதான் தண்ணீர் வரும். இரவு பத்து மணிக்கு மேல்தான் கொஞ்சம் வேகம் பிடிக்கும்.

எங்களுடையது வரிசை வீடு. முன்னால் கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு மண், பின்னால் துணி காயப்போடும் இடம். அவ்வளவுதான் எங்கள் 'தோட்டம்'. அந்தச் சொல்லை என் பாட்டி சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அவருக்குத் தோட்டம் என்றால் பால்மரத் தோட்டம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே பால்மரம் சீவியவர். அந்தத் தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்கு விற்கப்பட்டபோது, லயத்து வீட்டின் பின்னால் நின்ற கருவேப்பிலை மரத்தின் வேரிலிருந்து முளைத்த ஒரு கன்றைப் பால்மாவு டின்னில் வைத்து எடுத்துவந்தார். இன்று எங்கள் வாசலில் நிற்பது அதுதான். லயம் இல்லை, பால்மரமும் இல்லை. அங்கிருந்து மிச்சமாக வந்தது இந்த ஒரு மரம்.

அந்த மரத்தைத்தான் நான் அந்த மாதம் சாகடிக்கப் பார்த்தேன்.

அன்பாகக் கொல்வது

பாட்டிக்கு அப்போது மூட்டுவலி. "செடிகளை நான் பார்த்துக்கிறேன் பாட்டி" என்று பெருமையாகப் பொறுப்பை வாங்கிக்கொண்டேன். தினமும் இரவு குழாயில் ரப்பர் பைப்பை மாட்டி, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் எல்லாச் செடிகளின் மேலும் தண்ணீரைத் தெளித்தேன். இலைகள் நனைந்து பளபளக்கும். எனக்கும் நிம்மதியாக இருக்கும்.

பத்து நாளில் கருவேப்பிலை மஞ்சளாகி உதிரத் தொடங்கியது. தொட்டியில் இருந்த துளசி அடியோடு அழுகியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஐந்து நிமிடம் கூட்டினேன்.

ஒரு காலை பாட்டி கைத்தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார். ஒன்றும் சொல்லாமல் குனிந்து, கருவேப்பிலையின் அடியில் ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் விட்டார். என்னையும் விடச் சொன்னார். மேலே அரை அங்குலம் ஈரம். அதற்குக் கீழே மாவு மாதிரி காய்ந்த மண். பிறகு துளசித் தொட்டியில் விரலை விடச் சொன்னார். அங்கே அடிவரை சேறு.

"ரெண்டுக்கும் ஒரே மாதிரி ஊத்துனியா?"

"ஆமா பாட்டி."

"செடி கேக்குதான்னு பார்த்து ஊத்து, கண்ணு. உன் மனசு ஆறணும்னு ஊத்தாத."

அறிவியல் பாடத்தில் வேரைப் பற்றி நானும் படித்திருக்கிறேன். தினமும் மேலோட்டமாக நனைத்தால் வேர்கள் ஈரம் இருக்கும் மேல்மண்ணிலேயே பரவுகின்றன. வெயிலில் முதலில் சுடுவதும் காய்வதும் அந்த மேல்மண்தான். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, மெதுவாக, ஆழம் வரை இறங்கும்படி ஊற்றினால் வேரும் ஆழத்துக்குப் போகும். மறுபக்கம், தொட்டியில் நீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது, அது அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால் தண்ணீரில் நிற்கும் செடியும் தாகத்தில் வாடும் செடி போலவே தோன்றும். இதெல்லாம் பாடநூலில் உண்டு. ஆனால் விரலை மண்ணில் விட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் சொன்னார். நண்பகலில் கத்தரியும் வெண்டையும் துவண்டு நின்றால் பதறி ஓடாதே. வெயிலில் இலை இழக்கும் வேகத்துக்கு வேரால் நீர் அனுப்ப முடியாதபோது செடி அப்படித் தொங்கும். மாலையில் தானாக நிமிர்ந்தால் அதற்கு ஒன்றும் இல்லை. காலையிலும் துவண்டே இருந்தால்தான் அது உண்மையான தாகம். எப்போது பார்ப்பது என்று தெரிந்தால்தான் எப்போது ஊற்றுவது என்று தெரியும்.

ஒரு வாளியின் கணக்கு

மறுநாள் ஒரு சோதனை செய்தேன். இரவில், குழாய் நன்றாக வரும் நேரத்தில், 10 லிட்டர் வாளியை ரப்பர் பைப்பால் நிரப்பினேன். 50 வினாடி ஆனது. அப்படியென்றால் நிமிடத்துக்கு 12 லிட்டர். கால் மணி நேரத்துக்கு 180 லிட்டர். மலேசியாவில் வீட்டு உபயோகத்துக்கு ஒருவர் ஒரு நாளில் செலவழிக்கும் நீர் சராசரியாக 200 லிட்டருக்குச் சற்று மேல். எங்கள் வீட்டில் இல்லாத ஒரு ஆளுக்கு நான் தினமும் தண்ணீர் செலவழித்திருக்கிறேன். அதுவும் தாமானே இரவு பத்து மணிக்காகக் காத்திருந்த நாள்களில். பள்ளியில் திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தை மனனம் செய்து பரிசு வாங்கியவள் நான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாட்டி பைப்பைச் சுருட்டி மாட்டச் சொன்னார். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர், மீன் அலசிய தண்ணீர், இரவில் குளிர்சாதனப் பெட்டியின் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர் எல்லாவற்றையும் வாளியில் பிடித்தோம். சோப்பு கலந்ததை மட்டும் ஒதுக்கினோம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 25 லிட்டர் சேர்ந்தது. முன்பு செலவழித்ததில் ஏழில் ஒரு பங்கு.

25 லிட்டரில் எல்லாச் செடிகளையும் காப்பாற்ற முடியாது. அப்போதுதான் பாட்டி எனக்குப் பிடிக்காத வேலையைச் செய்தார். எதைக் காப்பது, எதை விடுவது என்று பிரித்தார். காய்ப்பு ஓய்ந்த வெண்டையைப் பிடுங்கி, நறுக்கி, கருவேப்பிலையின் அடியில் மூடாக்காகப் பரப்பச் சொன்னார். காய்ந்த இலைகளும் தேங்காய் மட்டையும் அதன் மேல். வெயில் நேராக மண்ணில் படாவிட்டால் ஈரம் நிற்கும். செராயை அடியோடு வெட்டிவிட்டார். மழை வந்தால் தானாகத் துளிர்க்கும். சிமெண்டுத் தரையில் சுட்டுக்கொண்டிருந்த தொட்டிகளை நிழலில் ஒன்றோடொன்று நெருக்கி வைத்தோம். பொங்கலுக்கு வாங்கி அடுப்பில் ஏற்றாமல் வைத்திருந்த ஒரு மண்பானையை, கருவேப்பிலையிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கழுத்துவரை புதைத்தோம். அதில் தண்ணீர் நிரப்பி மூடினால், மண் காயக் காயப் பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசியும். மண் ஈரமாக இருந்தால் கசிவு குறையும். செடி கேட்பதைப் பார்த்துக் கொடுக்கும் வேலையை அந்தப் பானை நம்மைவிட நன்றாகச் செய்கிறது.

நான் கைச்செலவுப் பணத்தில் வாங்கி வைத்திருந்த இரண்டு ரோஜாச் செடிகளுக்குப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. கெஞ்சிப் பார்த்தேன். "ரோஜா அடுத்த வருசம் கடையில கிடைக்கும். இந்த மரம் எந்தக் கடையில கிடைக்கும்?" என்று கேட்டார். அதற்கு மேல் நான் பேசவில்லை. பால்மரமும் அந்தக் காலத்தில் இலைகளை உதிர்த்துவிட்டுத்தான் உயிர் பிழைக்கும் என்றார். இலையைப் பிடித்துக்கொண்டே நிற்கப் பார்த்தால் மரமே போய்விடுமாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தண்ணீர் சேமிக்கும் வீட்டில் ஏடிஸ் கொசுவும் குடியேறும். முட்டையிலிருந்து கொசுவாக அதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். வாளிக்கு மூடி வேண்டும்; தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையாவது கொட்டிக் கழுவ வேண்டும். அந்த வேலை தம்பியுடையது. தேர்வு நேரத்திலும் அதை அவன் விடவில்லை. ஐந்து நிமிட வேலைதான்.

இருபதில் மூன்று

பாட்டி செடிகளைப் பிரித்ததை என் தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த தேர்வுக்குப் போகும்போது பையில் ஒன்றரை லிட்டர் போத்தல் இரண்டு எடுத்துப்போனான். "இருபதையும் என்னால பார்க்க முடியாதுக்கா. மூணு மட்டும் பார்க்கிறேன்" என்றான்.

அவன் தேர்ந்தெடுத்த மூன்றில் அவன் பெயர்ப் பலகை இருந்த கன்று இல்லை. அது ஏற்கெனவே காய்ந்துவிட்டது. காலைத் தேர்வுக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போய், மூன்றுக்கும் ஆளுக்கு ஒரு லிட்டர் ஊற்றி, காய்ந்த புல்லை அடியில் குவித்துவிட்டு மண்டபத்துக்குள் போவான். தேர்வு இல்லாத நாள்களுக்குப் பள்ளிப் பாதுகாவலரிடம் கேட்டுக்கொண்டான். அவரும் தேநீர்க் குவளை கழுவும் தண்ணீரை ஊற்றினார். மார்ச்சில் பள்ளி திறந்தபோது அந்த மூன்றில் இரண்டு உயிரோடு இருந்தன. மற்ற 17இல் கால்வாய் ஓரம் நின்ற ஒன்று தானாகப் பிழைத்தது. 20க்கு 3.

பள்ளியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அங்கே நானும் இதையேதான் செய்தேன். நம் எல்லாரிடமும் உள்ள ஒரு பழக்கத்தைத்தான் சொல்கிறேன். நாம் நடுவதைக் கொண்டாடுகிறோம், காப்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. 2021 ஜனவரியில் தொடங்கிய நாட்டின் பசுமை இயக்கம் 2025க்குள் 10 கோடி மரங்களை நடுவதை இலக்காகக் கொண்டது. நல்ல இலக்கு. ஆனால் நம் பள்ளியில், நம் கல்லூரியில் நட்டவற்றில் எத்தனை இன்று நிற்கின்றன என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

"மனிதருக்கே தண்ணீர் இல்லாதபோது செடிக்கு வேண்டுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் ரப்பர் பைப்பைச் சுருட்டச் சொல்கிறேன். ஒருமுறை பயன்பட்ட நீர் போதும். அது எத்தனை செடிக்குப் போதுமோ அத்தனை செடி போதும். "அடுக்குமாடியில் இருக்கிறோம், மண் ஏது?" என்றால், சன்னலோரத்தில் ஒரே ஒரு தொட்டி வையுங்கள். "தேர்வு இருக்கிறது, நேரம் இல்லை" என்றால், என் தம்பியின் கதையை இன்னொரு முறை படியுங்கள்.

பசுமைக் கழகங்களில் இருக்கும் மாணவர்களிடம் என் வேண்டுகோள் மூன்று.

முதலாவது, நாள்காட்டியைப் பாருங்கள். வடக்கில் ஜனவரியில் கன்று நடுவது, நீந்தத் தெரியாத பிள்ளையை ஆற்றில் விடுவது போல. ஏப்ரலில் இடிமழை தொடங்கியதும் நடுங்கள். அடுத்த வறட்சிக்குள் வேர் இறங்க அதற்குச் சில மாதங்கள் கிடைக்கும். உங்கள் ஊரின் மழை மாதம் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

இரண்டாவது, குழி வெட்டும் முன் விடுமுறைப் பட்டியல் போடுங்கள். பள்ளி விடுமுறையில் எந்தக் கிழமை யார் வருவார், தண்ணீர் எங்கிருந்து வரும் என்று எழுதுங்கள். பட்டியலில் ஐந்து பேர்தான் தேறினார்கள் என்றால் ஐந்து கன்று மட்டும் நடுங்கள். ஐந்து நட்டு ஐந்தும் நிற்பது, 20 நட்டு மூன்று நிற்பதைவிட மேல். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மூன்றாவது, நடும் நாளில் படம் எடுக்காதீர்கள். ஓராண்டு கழித்து, அதே நாளில், அதே இடத்தில் எடுங்கள். புள்ளியும் பாராட்டும் அந்தப் படத்துக்குக் கிடைக்கட்டும். பலகையில் நட்டவர் பெயரோடு தண்ணீர் ஊற்றியவர்கள் பெயரையும் எழுதுங்கள்.

ஏப்ரலில் மழை வந்தது. எங்கள் கருவேப்பிலை மொட்டையாக நின்ற கிளைகளில் செம்பச்சையாகத் துளிர்விட்டது. வெட்டிய செராயும் தழைத்தது. ரோஜா போனது போனதுதான். அந்த இடத்தில் பாட்டி இன்னும் எதையும் நடவில்லை. "யாரு பார்த்துக்கிறதுன்னு முடிவாகட்டும்" என்கிறார்.

2025 ஜனவரியில் தம்பி தன் பழைய பள்ளிக்குப் போய்வந்தான். அன்று மாலை கைப்பேசியில் எனக்கு ஒரு படம் அனுப்பினான். படத்தில் அவன் இல்லை. பாதுகாவலர் ஒரு வாளியோடு நிற்கிறார். பின்னால் வேலியைத் தாண்டி ஒரு மரம். அதன் அடியில் இருந்த பலகையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெயிலிலும் மழையிலும் எழுத்து அழிந்துவிட்டது. நட்டவர் யார் என்று படிக்க முடியவில்லை.